இரண்டாம் கோர்ட் ஓரத்து நாற்காலி

மே 4, ஞாயிறு

என் மகள் நன்றாக ஆடுகிறாளா? எனக்குத் தெரியாது. அவள் ஆறாம் வகுப்பிலிருந்து கூடைப்பந்து ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புள்ளியியலில் முனைவர் பட்டம் வாங்கியவள், திருச்சியில் ஒரு கல்லூரியில் அதையே பாடமாக நடத்துகிறவள். இருந்தும் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பந்தை நேரம் பார்த்துக் கொடுக்கிறாள். யாராவது நெருக்கினால் இடது பக்கம் போகப் பயப்படுகிறாள். இதற்கு மேல் நிச்சயமாக ஒன்றும் சொல்ல முடியாது.

சொல்ல முடிந்தவர்கள் என்று இங்கே மூன்று பேர் இருக்கிறார்கள். கையில் அட்டையும் பேனாவுமாகக் கோர்ட்டைச் சுற்றி வருகிறார்கள்.

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் சாலையில் ஓர் உறைவிடப் பள்ளி. கோடை விடுமுறைக்குக் காலியான கட்டடங்களில் ஓர் அறக்கட்டளை முகாம் நடத்துகிறது. ப்ளஸ் டூ முடித்த பெண்கள் நாற்பத்தெட்டு பேர். தினமும் ஆட்டம். மாலையில் சாப்பாட்டுக் கூடத்தின் கதவில் ரேங்க் பட்டியல் ஒட்டுவார்கள். கல்லூரி கோச்சுகள் வந்து ஆட்டத்தைப் பார்த்து, பட்டியலையும் பார்த்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் பெண்களை எடுத்துக்கொள்வார்கள். சென்னையில் ஒரு கல்லூரி இருக்கிறது. இங்கே யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை, ‘பெரிய காலேஜ்’ என்றால் போதும். படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். அங்கே ஆடியவர்களுக்கு ரயில்வேயில் வேலை கிடைக்கிறது, இந்திய அணி வரை போகிறார்கள். கடைசிப் பட்டியலில் முதல் பன்னிரண்டு பேருக்குள் இருந்தால்தான் அந்தக் கல்லூரி பேசவே பேசும். என் மகள் மிருதுளாவுக்கு வேறு எந்தக் கல்லூரியின் பெயரும் காதில் விழுவதில்லை.

முதல் பட்டியலில் அவள் இருபத்தேழு.

பெண் பிள்ளைகள் என்பதால் ஒவ்வொருவரோடும் தாயோ அத்தையோ தங்க வேண்டும் என்பது விதி. தாய் கிளம்பினால் மகளும் கிளம்ப வேண்டும். கேட்டைப் பூட்டிச் சாவியை வாட்ச்மேன் இடுப்பில் செருகியிருக்கிறார். திருத்துவதற்கு இரண்டு ஆய்வேடுகள் கொண்டுவந்திருக்கிறேன்.

மே 5, திங்கள்

ஜெர்ஸி இரண்டையும் துவைத்துக் காயப்போட்டேன். தண்ணீரில் உப்பு, சோப்பு நுரைக்க மறுக்கிறது.

அடுத்த கட்டிலில் சண்முகத்தாய். கோவில்பட்டியில் ஹெட் கான்ஸ்டபிள். எல்லோரும் ஏட்டம்மா என்கிறார்கள். வந்த அன்றே தங்கும் கூடத்தின் எந்த ஜன்னலுக்குக் கொக்கி இல்லை என்று பார்த்து, சணல் கயிறு வாங்கிக் கட்டிவிட்டார்.

“மேடம் என்ன, வந்ததுலருந்து தாளும் பேனாவுமா இருக்கீக. எங்க ஸ்டேஷன் ரைட்டர்கூட இவ்வளவு எழுத மாட்டாரு.”

“மாணவியோட ஆய்வேடு. திருத்தணும்.”

“எதப் பத்தி?”

“நாமக்கல் முட்டை விலை.”

“அதுக்கு எதுக்கு மேடம் காலேஜ்? கடையில கேட்டா சொல்லப் போறான்.”

அவர் மகள் மாரீஸ்வரி. அம்மா கூப்பிடுவது ஈசு. உயரமில்லை, ஆனால் வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்து எப்படியோ இவள் கைக்குத்தான் வந்து சேர்கிறது. பட்டியலில் ஒன்பது. பெரிய காலேஜ் கிடைக்காவிட்டால் ஊரில் ஒரு கல்லூரி இருக்கிறதாம். அங்கே கோர்ட் கிடையாது, பஸ் ஸ்டாண்ட் பின்னால் சிமெண்ட் தரையில் ஆடுகிறார்களாம். “அதுல ஆடுனா ரெண்டு வருசத்துல முட்டி போயிரும். அப்புறம் எங்க ஆட?” என்றார் சண்முகத்தாய். சிரிக்காமல் அவர் சொன்ன ஒரே வாக்கியம் இதுதான்.

மே 6, செவ்வாய்

இன்றும் இருபத்தேழு.

பட்டியல் போடும் மூவரில் மூத்தவர் தனராஜ். மதுரைக்காரர். மோர் குடிக்க வந்தவரிடம் மரியாதையாகத்தான் கேட்டேன். போன வருடத்துப் பட்டியல்கள் கூடத்துச் சுவரில் இன்னும் ஒட்டியிருக்கின்றன. ஒரு பெண்ணை ஏதாவது கல்லூரி எடுத்துக்கொண்டதாகப் பெயருக்குப் பக்கத்தில் பேனாவில் குறித்த மறுநாள் அவள் ரேங்க் ஏறியிருக்கிறது. ‘மழை, ஆட்டம் இல்லை’ என்று எழுதியிருக்கும் நாளில்கூட.

“நல்ல பிள்ளைங்கறதாலதான மேடம் எடுக்குறாங்க.”

“சரி சார். எடுத்த பிறகு எதுக்கு ஏறுது?”

“நாங்க எதையோ கவனிக்காம விட்டிருக்கோம்னு அர்த்தம். அவங்க பாத்துட்டாங்க. அப்ப நாங்க திருத்திக்கிறோம்.” மோரைக் குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். “நீங்க கணக்கு வாத்தியாரம்மா. இது கண்ணு சம்பந்தப்பட்டது.”

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சிரமமாக இருக்கிறது.

தண்ணீர்த் தொட்டி அருகில் மட்டும் போனில் சிக்னல் கிடைக்கிறது. ஓசூரில் வேலையில் இருக்கும் என் கணவர் கேட்டது ஒரே கேள்வி. “எத்தனாவது?”

மே 7, புதன்

பெரிய காலேஜ் கோச் வந்துவிட்டார். ஹென்றி சார். அறுபதைத் தாண்டியவர், கறுப்புக் கண்ணாடி, வெள்ளைத் தொப்பி. காரிலிருந்து இறங்கியதும் மற்ற கல்லூரி கோச்சுகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். வலது முழங்காலை மடக்க முடியாமல் சிரமப்பட்டு நடந்தார். எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். உட்கார இடம் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துவந்து போட்டேன். இரண்டாம் கோர்ட் ஓரத்தில் புங்க மரத்து நிழல் இருக்கிறது. அங்கே போட்டேன்.

“தேங்க்ஸ்மா” என்று சொல்லி உட்கார்ந்தவர் மதியம் வரை எழுந்திருக்கவில்லை.

இந்த வாரம் முழுவதும் மிருதுளாவின் அணி இரண்டாம் கோர்ட்டில். ஈசுவின் அணி முதல் கோர்ட்டில்.

மாலைப் பட்டியலில் மிருதுளா பதினெட்டு.

மே 8, வியாழன்

நாற்காலி இன்றும் அங்கேயே இருந்தது. ஹென்றி சார் நேராக வந்து உட்கார்ந்துவிட்டார்.

துவைத்த துணியை எடுக்கப் போனபோது சுவருக்கு அந்தப் பக்கம் தனராஜும் மற்ற இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“ரெண்டு நாளா எங்க உக்காந்திருக்காரு பாத்தியா? முதல் கோர்ட் பக்கம் திரும்பவே இல்ல.”

“யாரப் பாக்குறாருண்ணே?”

“அதான் தெரியல. ஒரு வார்த்தை பேச மாட்டேங்குறாரு. அந்தத் திருச்சிப் பிள்ளை பந்து குடுக்கறப்ப தலையாட்டுனாரு, நான் பாத்தேன்.”

“அந்தப் பிள்ளைய நாம கீழ போட்டுட்டமோ?”

“இன்னொரு தடவ பாப்போம். முப்பது வருசமா டீம் எடுக்குறவரு. சும்மா உக்காருவாரா?”

மாலைப் பட்டியலில் மிருதுளா பதினொன்று. அவள் மட்டுமல்ல, இரண்டாம் கோர்ட் பெண்கள் ஆறு பேர் ஏறியிருக்கிறார்கள். முதல் கோர்ட்டிலிருந்து ஒருத்திகூட ஏறவில்லை. ஈசு பன்னிரண்டுக்கு இறங்கிவிட்டாள். இன்று அவள் நேற்றைவிட நன்றாக ஆடியதாகத்தான் எனக்குத் தோன்றியது. ஆனால் தோன்றுவதை நான் எப்போதும் நம்புவதில்லை.

ஆய்வேட்டில் இரண்டு அத்தியாயம் முடிந்தது. ஓரிடத்தில் ‘விலை உயரும் என்று அறிவித்ததால் விலை உயர்ந்தது’ என்று எழுதியிருக்கிறாள். அடிக்கப் போன பேனாவை எடுத்துவிட்டேன்.

மே 9, வெள்ளி

இதை எழுத வேண்டுமா என்று மதியம் முழுக்க யோசித்தேன்.

பத்தரை மணிக்கு ஹென்றி சாருக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். கை நீட்டினார், டம்ளருக்கு ஒரு சாண் தள்ளி. நானே கையில் வைத்தேன். சிரித்தார்.

“கண்ணு ஆபரேஷன் பண்ணிருக்கும்மா. ரெண்டு கண்ணும். இன்னும் சரியா செட் ஆகல. டாக்டர் வெயில்ல போகாதன்னுதான் சொன்னார். காலேஜ்ல கேக்கணுமே.”

“கோர்ட் தெரியுதா சார்?”

“பந்து தெரியுது. ஆரஞ்சா ஒண்ணு போகுது வருது. பிள்ளைங்க எல்லாம் ஒரே மாதிரி.” மெதுவாகக் குடித்தார். “நிழல் நல்லா இருக்கும்மா. காத்து வருது. ராத்திரி தூக்கமில்ல, இங்க கொஞ்சம் கண்ணசந்துடறேன். தலை ஆடறது எனக்கே தெரியுது.”

“அப்ப எப்படி சார் தேர்வு செய்வீங்க?”

“லிஸ்ட் இருக்கே. தனராஜ் நல்லா போடுவாரு. பொறுப்பான ஆளு.”

அவர் எதையும் மறைக்கவில்லை. நான்தான் முதலில் கேட்டவள் போலிருக்கிறது. அவரிடம் போய்க் கண் தெரிகிறதா என்று இங்கே யார் கேட்பார்கள்?

தனராஜ் இவரைப் பார்த்துப் பட்டியல் போடுகிறார். இவர் பட்டியலைப் பார்த்துப் பெண்களை எடுக்கப்போகிறார். இரண்டு பேருக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள் நாற்பத்தெட்டு பெண்கள்.

மிருதுளா ஒன்பது. ஈசு பதிமூன்று.

மே 10, சனி

மூன்று கல்லூரி கோச்சுகள் மிருதுளாவிடம் வந்து பேசிவிட்டார்கள். அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டார்களாம். நேற்று வரை அவள் பெயரையே தப்பாகக் கூப்பிட்டவர்கள்.

காலை ஆட்டத்தில் ஒன்று நடந்தது. ஒரு பெண் நெருக்கிக்கொண்டு வந்தாள். மிருதுளா நின்று, பந்தை இடது கைக்கு மாற்றி, இடது பக்கமாகவே போய் வளையத்தில் போட்டாள். இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. அடுத்த ஆட்டத்திலும் போனாள். ஒன்பதாவது என்று சொன்னதால் ஒன்பதாவது ஆளைப் போல ஆடுகிறாளா, அல்லது அது எப்போதும் அவளிடம் இருந்து நான்தான் பார்க்காமல் விட்டேனா? தனராஜ் சொன்னதையே நானும் எழுதுகிறேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

மதியம் சண்முகத்தாய் ஈசுவின் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே பேசினார்.

“ஏட்டி, மூஞ்சியத் தூக்கி வைக்காத. பதிமூணு என்ன பேயா பிசாசா? நாளைக்கு இன்னும் நாலு பந்தப் பிடி.”

“பிடிச்சா யாரும்மா பாக்கா? எல்லாரும் அந்தக் கோர்ட்டுலதான நிக்காவ.”

“அதுவுஞ்சரிதான்.” பிறகு என் பக்கம் திரும்பி, “முதல் கோர்ட்டுகிட்ட ஓடு போட்ட கொட்டகை இருக்கு, உள்ள ஃபேன் இருக்கு. பெரியவரு அத விட்டுட்டு மரத்தடியில கெடக்காரு, பாருங்க மேடம்.”

கொட்டகையில் ஃபேன் சத்தம் அதிகம் என்றேன்.

“இருக்கும். சமையக்கார மரியதாஸ்கூட சத்தம் போட்டுக்கிட்டுதான் இருக்காரு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு எண்ணி உள்ள அடுக்குற நாற்காலியில ஒண்ணு தெனமும் விடியக்காலம் வெளிய நடந்து போயிருதாம்.”

ஈசு சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். தலை வாரி முடித்ததும் சீப்பைக் கழுவி வெயிலில் வைத்தார் சண்முகத்தாய்.

போனில் ஒன்பது என்றேன். ஓசூரில் அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுதாரோ என்னவோ.

மே 11, ஞாயிறு

இன்று கடைசி ஆட்டங்கள். பட்டியல் நாளைக் காலை.

விடிந்ததும் நாற்காலியை முதல் கோர்ட் கொட்டகையில், ஃபேனுக்கு நேராகப் போட்டேன். இதில் எழுதுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பள்ளி நாற்காலி, எங்கே வேண்டுமானாலும் போடலாம்.

ஹென்றி சார் வந்தார். வழக்கமான இடத்துக்குப் போய், கையால் துழாவி, நாற்காலி இல்லை என்று தெரிந்துகொண்டு நின்றார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கொட்டகைக்குக் கூட்டிவந்தேன்.

“இங்க ஃபேன் இருக்கு சார். இந்தப் பக்கம் நல்ல ஆட்டம். கோவில்பட்டிப் பொண்ணு ஒருத்தி இருக்கா, பந்தை விடறதே இல்ல.”

என் வாயிலிருந்து இப்படி வந்தது எனக்கே புதிதாக இருந்தது.

அவர் உட்காரவில்லை. “எத்தனாவதும்மா அந்தப் பொண்ணு?”

“பதிமூணு.”

“அச்சச்சோ.” உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். “ஒன்பதாவது ஒரு பொண்ணு இருக்காமே, திருச்சி. தனராஜ் ரொம்பச் சொல்றாரு. அது எந்தக் கோர்ட்?”

நான் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டேன். வழியில் போன ஒரு கோச்சிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு குனிந்து, நாற்காலியைத் தானே தூக்கி, மடங்காத காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து இரண்டாம் கோர்ட்டுக்கு நடந்தார். வாங்குவதற்கு மூன்று பேர் ஓடி வந்தார்கள். பெரிய காலேஜ் கோச் தன் கையால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண்ணின் ஆட்டத்தைப் பார்க்கப் போகிறார் என்பதை முகாம் முழுக்கப் பார்த்தது. தனராஜ் அட்டையில் ஏதோ எழுதினார்.

முதல் கோர்ட்டில் ஈசு அந்த நேரத்தில் அடுத்தடுத்து பந்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன். என் பார்வைக்கு இங்கே மதிப்பில்லை.

நாளைக் காலை பட்டியல் ஒட்டுவதற்கு முன்னால் தனராஜிடம் போய்ச் சொல்லிவிடுவேன். ஹென்றி சாரின் கண்ணைப் பற்றி. நாற்காலியைப் பற்றி. இரண்டையும். எழுதி வைத்தால் பின்வாங்க மாட்டேன் என்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

மே 12, திங்கள்

நடந்தது இது.

ஏழு மணிக்குத் தனராஜின் அறைக்குப் போனேன். பட்டியல் மேஜையில் கவிழ்த்து வைத்திருந்தது. பசை டப்பா திறந்திருந்தது. உட்காரச் சொன்னார்.

“சார், ஹென்றி சாருக்குக் கண் தெரியல. ஆபரேஷன் ஆகி இன்னும் சரியாகல. கோர்ட்டில் யார் ஆடுறாங்கன்னே அவருக்குத் தெரியாது. அவரே சொன்னார்.”

தனராஜ் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தீங்களா மேடம். கண்ணு தெரியாமலே உங்க பொண்ணக் கண்டுபிடிச்சிருக்காரு. நாங்க மூணு பேரு முழுக் கண்ண வச்சுக்கிட்டு இருபத்தேழுல போட்டோம். அதுக்குப் பேருதான் அனுபவம்.”

“அவர் எதையும் கண்டுபிடிக்கல சார். அங்கே நிழல் இருந்தது.”

“நீங்க ரொம்ப அடக்கம். பெத்தவங்க எல்லாரும் என் பிள்ளைய மேல போடுன்னு வந்து நிப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் கீழ போடச் சொல்ல வந்திருக்கீங்க.” எழுந்து நின்றார். “மனசாட்சிக்கு விரோதமா நான் யாருக்கும் ரேங்க் போட்டதில்ல மேடம். கவலப்படாமப் போங்க.”

நாற்காலியைப் பற்றி நான் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை. பசையில் பிரஷ்ஷை முக்கிவிட்டார்.

மிருதுளா ஏழு. மாரீஸ்வரி பதிமூன்று.

பத்து மணிக்குப் பெரிய காலேஜ் கூப்பிட்ட பெண்களில் மிருதுளா இருந்தாள். கையெழுத்துப் போடப் பேனா கொடுத்தேன். ஹென்றி சார் என் குரலை வைத்து அடையாளம் கண்டு, “நீங்களா அம்மா? மோர் குடுத்தவங்க? முதல்லயே சொல்லிருக்கலாமே” என்றார். ஈசுவை மதுரையில் ஒரு கல்லூரி யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறது. யோசிப்பது என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

சண்முகத்தாய் ஜன்னல்களில் கட்டிய கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சுருட்டிப் பைக்குள் வைத்தார். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அருகில் போய் நின்றேன்.

“விடுங்க மேடம்” என்றார், நான் வாயைத் திறப்பதற்கு முன்னால். “முதல் நாளே பாத்தேன், நீங்க நாற்காலிய எங்க கொண்டு போறீகன்னு. போட்டதுக்கு எனக்குக் கோவம் இல்ல. எனக்குத் தோணலியேன்னுதான்.” பையின் ஜிப்பை இழுத்தார். “ஏட்டி ஈசு, மேடத்துட்ட சொல்லிட்டு வா.”

ஈசு வந்து, “போயிட்டு வாரேன் ஆன்ட்டி. மிருதுளா இந்த மூணு நாள் சூப்பரா ஆடுனா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார். நாங்கள் திண்டுக்கல் போய் திருச்சி பஸ் ஏறினோம். வடமதுரை தாண்டியதும் மிருதுளா கேட்டாள்.

“அம்மா, உண்மையச் சொல்லு. நான் நிஜமாவே ஏழாவது ஆளா?”

“லிஸ்ட்ல அப்படித்தான் இருக்கு.”

அவள் என்னையே பார்த்தாள். “நீதான் லிஸ்ட்ட நம்ப மாட்டியேம்மா.”

மணப்பாறையில் பஸ் நின்றது. முறுக்கு வேண்டுமா என்று கேட்டேன். வேண்டும் என்றாள். வாங்கிக் கொடுத்தேன்.